தெர்மோஸ்டாட்டின் திரை அணைந்துவிட்டால்: கனடாவில் முதல் குளிர்காலத்தைச் சந்திப்பவர்களுக்கு

கனடாவில் தனி வீட்டுக்குக் குடிவந்த முதல் ஆண்டில், கூடத்துச் சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட்டைத்தான் ஹீட்டர் என்று நம்மில் பலரும் நினைத்துக்கொள்கிறோம். வீட்டைச் சூடாக்குவது பேஸ்மென்டில் நிற்கும் ஃபர்னஸ். அறையின் வெப்பநிலை நாம் வைத்த அளவுக்குக் கீழே இறங்கும்போது அதை இயங்கச் சொல்வதும், அந்த அளவை எட்டியதும் நிறுத்தச் சொல்வதும் மட்டுமே தெர்மோஸ்டாட்டின் வேலை. ஆகவே ஒரு காலையில் அதன் திரை இருண்டு கிடந்தால், சுவரில் இருப்பதுதான் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிப் புதியதொன்றை வாங்க ஓட வேண்டியதில்லை. பல வீடுகளில் தெர்மோஸ்டாட்டுக்கு மின்சாரம் ஃபர்னஸிலிருந்துதான் ஏறி வருகிறது என்பதால், திரை அணைந்ததன் காரணத்தையும் படியிறங்கிப் போய்த்தான் தேட வேண்டியிருக்கும்.

எரிவாயு ஃபர்னஸும் காற்றுக்குழாய்களும் உள்ள வீடுகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். அமெரிக்காவிலும் ஏற்பாடு ஏறத்தாழ இதுதான்.

கைவைப்பதற்கு முன்

வீட்டுக்குள் அழுகிய முட்டை நாற்றம் போன்ற எரிவாயு வாடை அடித்தால், கீழே சொல்லியிருக்கும் எதையும் செய்யாதீர்கள். எந்தச் சுவிட்சையும் தொடாமல், விளக்கைக்கூடப் போடாமல், எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியே வந்து, வெளியில் நின்றபடி 911 எண்ணை அழையுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி அலறினாலும் இதேதான் செய்ய வேண்டும். அந்த வாயுவுக்கு வாடையே கிடையாது என்பதால், கருவி தவறாக அலறுகிறது என்று நாமாகத் தீர்மானித்துவிடக் கூடாது.

நீங்கள் வாடகைக்கு இருப்பவரானால், சுவிட்சையும் பேட்டரியையும் பார்ப்பதோடு நின்றுகொண்டு வீட்டு உரிமையாளருக்கு எழுத்தில் தகவல் அனுப்புங்கள். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்திருக்கும் பொறுப்பு அவருடையது. டொராண்டோவில் நகர விதிப்படி வீட்டுக்குள் குறைந்தது 21 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அவர் கண்டுகொள்ளாவிட்டால் 311 எண்ணில் நகராட்சியிடம் முறையிடலாம்.

தெர்மோஸ்டாட் எந்த வகை என்பதையும் முதலிலேயே அறிந்துகொள்ள வேண்டும். ஃபர்னஸே இல்லாமல், சுவரின் அடியில் நீளமான மின்சூடேற்றிகள் ஓடும் வீடுகளும் அடுக்ககங்களும் உண்டு. கியூபெக்கில் இது மிகச் சாதாரணம். அவற்றின் தெர்மோஸ்டாட்டுக்குள் ஓடுவது பெரும்பாலும் 240 வோல்ட் மின்சாரம். மேல்மூடியைத் திறந்ததும் மெல்லிய பல வண்ணக் கம்பிகளுக்குப் பதிலாக, தடித்த இரண்டோ நான்கோ கம்பிகள் திருகு தொப்பிகளால் இணைக்கப்பட்டிருப்பதைக் கண்டால், மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். இனி நான் சொல்லப்போவது 24 வோல்ட் தெர்மோஸ்டாட்டுகளுக்கு மட்டுமே பொருந்தும்.

மின்சாரம் வரும் வழி

வீட்டின் பிரேக்கர் பெட்டியிலிருந்து ஃபர்னஸுக்குத் தனியாக ஓர் இணைப்பு, வழக்கமாக 15 ஆம்பியர் பிரேக்கர் வழியாகச் செல்கிறது. அந்த 120 வோல்ட் மின்சாரம் வழியில் ஒரு சாதாரண விளக்குச் சுவிட்சைக் கடந்து ஃபர்னஸுக்குள் நுழைந்து, கதவையொட்டியுள்ள பாதுகாப்புச் சுவிட்சையும் தாண்டி ஒரு சிறிய மின்மாற்றியை அடைகிறது. மின்மாற்றி அதை 24 வோல்ட்டாகக் குறைக்கிறது; அந்த 24 வோல்ட், கட்டுப்பாட்டுப் பலகையில் உள்ள சிறு பியூஸின் காவலில், மெல்லிய கம்பிகள் வழியாகச் சுவருக்குள் ஏறித் தெர்மோஸ்டாட்டுக்கு வருகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் திரை இருளும். எளிதில் பார்க்கக்கூடியதை முதலிலும், கருவி தேவைப்படுவதைக் கடைசியிலும் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போவதே நம் வேலை.

கம்பிகள் பொருத்தப்பட்டிருக்கும் முனைகளுக்கு ஆங்கில எழுத்துகளால் பெயரிட்டிருப்பார்கள். ஆர் என்பது மின்சாரம் வரும் முனை, சி என்பது அது திரும்பிச் செல்லும் முனை, டபிள்யூ சூட்டுக்கு, ஒய் குளிரூட்டிக்கு, ஜி காற்றாடிக்கு. வழக்கமாக ஆர் கம்பி சிவப்பாகவும், சி கம்பி நீலமாகவோ கறுப்பாகவோ இருக்கும். ஆனால் பொருத்தியவர் கையில் கிடைத்த கம்பியை மாட்டியிருக்கவும் கூடும் என்பதால், நிறத்தை நம்பாமல் எழுத்தைப் பாருங்கள்.

பேட்டரி

தெர்மோஸ்டாட்டின் முன்பகுதியை மெல்ல இழுத்தால், பல மாதிரிகளில் அது அடித்தட்டிலிருந்து கழன்று கையில் வரும். பின்புறத்திலோ பக்கவாட்டிலோ இரண்டு சிறு பேட்டரிகள் இருந்தால், புதிய ஆல்கலைன் பேட்டரிகளைக் கூட்டல் கழித்தல் குறி பார்த்துப் போடுங்கள். டிவி ரிமோட்டிலிருந்து கழற்றிய பாதி தீர்ந்த பேட்டரியைப் போட்டுப் பார்த்துவிட்டு, பேட்டரி காரணமல்ல என்று தீர்ப்புச் சொல்வது நம் வீடுகளில் அடிக்கடி நடக்கிறது. புதியதைப் போட்டும் திரை வராவிட்டால், பேட்டரி தொடும் உலோகத் தகடுகளில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

பேட்டரியால் மட்டுமே இயங்கும் தெர்மோஸ்டாட்டில் திரை பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும்போதே வீடு குளிர்ந்து கிடக்கலாம். திரைக்கு உயிர் கொடுப்பது பேட்டரி என்பதால், கீழே ஃபர்னஸ் மின்சாரமின்றி நிற்பது அதற்குத் தெரியாது. அப்படி இருந்தாலும் அடுத்து வரும் படிகள் அனைத்தும் பொருந்தும்.

பிரேக்கரும் சிவப்புத் தட்டுச் சுவிட்சும்

பிரேக்கர் பெட்டியில் ஃபர்னஸ் என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள். மின்சாரத்தைத் தானாகத் துண்டித்து விழுந்த பிரேக்கர் முழுதும் அணைந்த பக்கம் போகாமல் நடுவில் தொங்கலாக நிற்கும் என்பதால், பார்வைக்கு மற்றவற்றோடு சேர்ந்து சரியாக இருப்பது போலவே தோன்றும். அதை முதலில் அணைந்த பக்கம் முழுதாகத் தள்ளிவிட்டு, பிறகு எரியும் பக்கம் கொண்டுவர வேண்டும். ஒரு முறைதான் இப்படிச் செய்ய வேண்டும். உடனே மறுபடியும் விழுந்தால் எங்கோ மின்கசிவோ ஷார்ட் சர்க்யூட்டோ இருக்கிறது என்று பொருள்; விழ விழத் தூக்கிவிடுவது தீயை அழைப்பதற்குச் சமம்.

அடுத்தது ஃபர்னஸ் சுவிட்ச். இது ஃபர்னஸின் பக்கவாட்டிலோ அருகிலுள்ள சுவரிலோ இருக்கும். பல வீடுகளில் பேஸ்மென்ட் படிக்கட்டின் தலைப்பில், விளக்குச் சுவிட்சுகளுக்கு அருகிலேயே, சில சமயம் சிவப்புத் தட்டுடன் இருக்கும். எங்கள் வீட்டின் முதல் குளிர்காலத்தில், ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், மின்சாரம் வீணாகிறதே என்று பேஸ்மென்ட் விளக்கை அணைப்பதாக எண்ணி இதை அணைத்துவிட்டார். தெர்மோஸ்டாட் செத்துவிட்டதென்று பதறி நாங்கள் அழைத்த டெக்னீஷியன், படியிறங்குவதற்கு முன்பே சுவிட்சை ஒரு விரலால் தட்டிவிட்டு, வந்துபோனதற்கான கட்டணத்தை முழுதாக வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து அந்தச் சுவிட்சின் மேல் ‘தொடாதீர்கள்’ என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறோம். விருந்தாளிகள், பெயின்ட் அடிப்பவர்கள், பெட்டிகளை இறக்கி வைப்பவர்கள் என்று யார் பேஸ்மென்டுக்குப் போய்வந்த பிறகு திரை அணைந்தாலும், முதல் சந்தேகம் இந்தச் சுவிட்சின் மேல் விழட்டும்.

ஃபர்னஸின் கதவும் தேங்கிய தண்ணீரும்

ஃபர்னஸின் முன்பக்கத்தில் கழற்றக்கூடிய இரண்டு தகரக் கதவுகள் இருக்கும். காற்றாடி இருக்கும் அறையின் கதவுக்குப் பின்னால் ஒரு சிறிய பொத்தான் உண்டு. கதவு சரியாக மூடியிருந்தால் மட்டுமே அது அழுந்தி மின்சாரத்தை உள்ளே விடும். ஃபில்டரை மாற்றியபின் கதவு ஒரு விரற்கடை விலகி நின்றால்கூட ஃபர்னஸ் முழுவதும் செயலிழந்து, அதோடு தெர்மோஸ்டாட்டும் அணைந்துவிடும். கதவை எடுத்து, மேல் விளிம்பைப் பொருத்திக் கீழ் விளிம்பை அதன் கொக்கியில் உட்கார வைத்து அழுத்துங்கள். கதவில் சிறிய கண்ணாடித் துளை இருந்தால் அதன் வழியே உள்ளே பாருங்கள். கட்டுப்பாட்டுப் பலகையில் ஒரு சிறு விளக்கு எரிந்தாலோ சிமிட்டினாலோ பலகை வரை மின்சாரம் வருகிறது. முழு இருட்டாக இருந்தால், ஒன்று ஃபர்னஸுக்கே மின்சாரம் இல்லை, அல்லது உள்ளிருக்கும் மின்மாற்றியோ பியூஸோ போயிருக்கிறது.

ஃபர்னஸைச் சுற்றித் தரையில் ஈரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக் குழாய் வழியாகப் புகையை வெளியேற்றும் உயர்திறன் ஃபர்னஸ்களில் எரியும்போதே நீர் சேரும். கோடையில் குளிரூட்டியும் நிறைய நீரை வடிக்கும். வடிகால் குழாய் அடைத்துக்கொண்டு நீர் தேங்கினால், சில ஏற்பாடுகளில் ஒரு மிதவைச் சுவிட்ச் உயர்ந்து ஆர் கம்பியையே துண்டித்துவிடும். கூரைக்கு அடியில் உள்ள பரணில் கருவியை வைக்கும் டெக்சஸ் போன்ற தென்பகுதிகளில், நல்ல வெயிலில் தெர்மோஸ்டாட் அணைவதற்கு இது முக்கியமான காரணம். தேங்கிய நீரை எடுத்துவிட்டு, வடிகாலின் வெளிமுனையில் ஈரத்தையும் உறிஞ்சும் வேக்குவம் கிளீனரை வைத்து அடைப்பை இழுத்துவிட்டால், மிதவை தாழ்ந்து திரை தானாகவே உயிர்பெறுவதைக் காணலாம்.

சிறு பியூஸ்

இதுவரை எல்லாம் சரியென்றால் கட்டுப்பாட்டுப் பலகையில் உள்ள பியூஸைப் பார்க்க வேண்டும். இதற்குமுன் ஃபர்னஸ் சுவிட்சையும் பிரேக்கரையும் இரண்டையும் அணைத்துவிடுங்கள். கார்களில் இருப்பது போன்ற, இரண்டு தட்டைக் கால்களுள்ள வண்ண பிளாஸ்டிக் பியூஸ் பலகையில் செருகியிருக்கும். ஊதா நிறம் 3 ஆம்பியர், வெளிர் பழுப்பு 5 ஆம்பியர். நேராகப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், உள்ளே வளைந்து செல்லும் மெல்லிய உலோக இழை முழுதாக இருக்கிறதா, அறுந்து கரியாகியிருக்கிறதா என்று தெரியும். கார் சாமான்கள் விற்கும் எந்தக் கடையிலும் சில டாலருக்கு ஒரு பொட்டலம் கிடைக்கும். கூடுதலாக இரண்டை வீட்டில் வைத்திருப்பது நல்லது.

பழையது 3 ஆம்பியர் என்றால் புதியதும் 3 ஆம்பியர்தான். ஊரில் பீங்கான் பியூஸ் கட்டையைப் பிடுங்கி, அடிக்கடி போகிறதே என்று சற்றுத் தடித்த கம்பியாகப் பார்த்துக் கட்டிவிட்டு ‘இனி போகாது’ என்று நிம்மதியடைந்த கைகள் நம்முடையவை. இங்கே அதைச் செய்தால், 24 வோல்ட் மின்மாற்றி கருகும், பலகையும் கூடவே போகலாம். சில டாலரில் முடிய வேண்டியது சில நூறு டாலரில் முடியும்.

பியூஸ் சும்மா போவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நான் அறிந்தவரை மிகப் பெரும்பாலான சமயங்களில், அண்மையில் யாரோ தெர்மோஸ்டாட்டை மாற்றியிருப்பார்கள். மின்சாரத்தை நிறுத்தாமல் கம்பிகளைக் கழற்றும்போது ஆர் கம்பியின் நுனி சி கம்பியை ஒரு கணம் தொட்டாலே போதும். அப்படியானால் கம்பிகளைச் சரியாகப் பொருத்திவிட்டுப் புதிய பியூஸைப் போட்டால் பிரச்சினை முடிந்தது. புதிய பியூஸும் உடனே போனால், எங்கோ கம்பியின் மேலுறை உரிந்து இரண்டு கம்பிகள் உரசுகின்றன. குளிரூட்டியை இயக்கும்போதுதான் பியூஸ் போகிறது என்றால், வீட்டுக்கு வெளியே நிற்கும் குளிரூட்டிப் பெட்டிக்குச் செல்லும் மெல்லிய கம்பியை முதலில் போய்ப் பாருங்கள். புல்வெட்டும் கருவி அதைச் சிராய்த்திருக்கலாம், அணில் கொறித்திருக்கலாம். அப்போது மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பலகையின் ஒய் முனையிலிருந்து வெளியே செல்லும் கம்பியைக் கழற்றி, அதன் நுனியை இன்சுலேஷன் டேப்பால் சுற்றிவிட்டு, மற்றொரு பியூஸைப் போட்டுப் பார்க்கலாம். அது நிலைத்தால் குற்றவாளி வெளிக்கம்பிதான். குளிரூட்டி அடுத்துத் தேவைப்படுவதற்குள் அதைச் சரிசெய்துகொள்ளலாம். வெளியே நிற்பது வீட்டைக் குளிரவைக்கவும் சூடாக்கவும் செய்யும் ஹீட் பம்ப்பாக இருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அதற்குச் சூட்டுக்கும் அந்தக் கம்பி வேண்டும்.

மல்ட்டிமீட்டர் கையில் இருந்தால்

தெர்மோஸ்டாட்டின் முன்பகுதியைக் கழற்றிவிட்டு, அடித்தட்டைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கம்பியையும் மிக மெல்ல இழுத்துப் பார்த்தால், திருகு தளர்ந்து கழன்றிருப்பது உடனே தெரியும். பிறகு மீட்டரை மாறுதிசை மின்னழுத்தம் அளக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையை ஆர் கம்பியிலும் மற்றொன்றைச் சி கம்பியிலும் தொடுங்கள். 24 முதல் 28 வோல்ட் வரை காட்டினால் மின்சாரம் சுவர்வரை வந்து நிற்கிறது. அப்போதும் திரை எரியவில்லை என்றால் மட்டுமே தெர்மோஸ்டாட்டைக் குற்றம் சொல்லலாம். ஒன்றும் காட்டாவிட்டால் கோளாறு கீழேயோ இடைப்பட்ட கம்பியிலோ இருக்கிறது.

ஃபர்னஸ் கதவைத் திறந்து, பாதுகாப்புப் பொத்தானை டேப் ஒட்டி அழுத்திவைத்துக்கொண்டு பலகையில் அளந்து பார்க்கச் சொல்லும் காணொளிகள் உண்டு. பக்கத்திலேயே 120 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கும் இடம் அது. முதன்முறை மீட்டர் பிடிப்பவர் அங்கே கைநீட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மின்மாற்றி போயிருக்கிறதா என்று உறுதிசெய்வதை டெக்னீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டும் சி கம்பியும்

பழைய வட்டத் தெர்மோஸ்டாட்டுகளுக்குத் தங்களுக்கென்று மின்சாரமே தேவைப்படவில்லை. 1953இல் ஹனிவெல் வெளியிட்ட புகழ்பெற்ற வட்ட மாதிரியில், சூட்டுக்கேற்ப விரியும் உலோகச் சுருளும் ஒரு கண்ணாடிக் குமிழில் பாதரசமும் மட்டுமே வேலையைப் பார்த்தன. அதற்கு இரண்டு கம்பிகள் போதும் என்பதால், பழைய வீடுகள் பலவற்றில் சி கம்பி இழுக்கப்படவே இல்லை. அந்தச் சுவரில் வைஃபை பேசும் நவீனக் கருவியை மாட்டும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. எக்கோபீ என்னும் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டில் பேட்டரி கிடையாது. சி கம்பியோ, அதற்கு மாற்றாக அந்த நிறுவனமே தரும் சிறு இணைப்புக் கருவியோ இன்றி அது இயங்காது. கூகுளின் நெஸ்ட் லேர்னிங் வகைத் தெர்மோஸ்டாட்டில் உள்ளே ஒரு மின்கலம் உண்டு. சி கம்பி இல்லாத வீட்டில் அது மற்றக் கம்பிகளிலிருந்து சிறிது சிறிதாக மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். அது போதாதபோது மின்கலம் இறங்கித் திரை அணையும். அவற்றின் இரண்டாம், மூன்றாம் தலைமுறை மாதிரிகளை அடித்தட்டிலிருந்து கழற்றி, பின்புறத்தில் உள்ள யுஎஸ்பி துளையில் கைப்பேசி சார்ஜரைச் சொருகி ஓரிரு மணி நேரம் ஏற்றினால் தற்காலிகமாக எழுந்துவிடும்.

அடிக்கடி இப்படி அணைந்தால் சி கம்பியைக் கொண்டுவருவதே தீர்வு. அடித்தட்டுக்குப் பின்னால், சுவருக்குள், யாரும் பயன்படுத்தாத ஒரு கம்பி சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அதன் ஒரு நுனியைத் தெர்மோஸ்டாட்டின் சி முனையிலும் மறுநுனியை ஃபர்னஸ் பலகையின் சி முனையிலும் மாட்டிவிடலாம்.

டெக்னீஷியன் வரும்வரை

எரிவாயு ஃபர்னஸானாலும் மின்சாரமின்றி எரியாது. தீப்பற்ற வைக்கவும் காற்றாடியைச் சுழற்றவும் அதற்கு மின்சாரம் வேண்டும். 2013 டிசம்பரில் டொராண்டோவைத் தாக்கிய உறைமழைப் புயலில் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனபோது, எரிவாயு தடையின்றி வந்துகொண்டிருந்த வீடுகளும் குளிரில் உறைந்தது இதனால்தான். அதுபோன்ற நேரத்திலும் சரி, பழுதின்போதும் சரி, கரி அடுப்பையோ பார்பிக்யூவையோ வீட்டுக்குள்ளோ கராஜிலோ மூட்டாதீர்கள். அவை கக்கும் கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும். மின்சாரம் இருந்தால் சிறிய மின்சூடேற்றியைத் திரைச்சீலையிலிருந்தும் மெத்தையிலிருந்தும் ஒரு மீட்டராவது தள்ளிவைத்து, நேராகச் சுவர்ப் பிளக்கில் சொருகி, விழித்திருக்கும்போது மட்டும் பயன்படுத்துங்கள். வெளியே கடுங்குளிரானால், வெளிச்சுவரை ஒட்டிய குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்க, சமையலறைத் தொட்டியின் அடியில் உள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்துவைத்து, குழாயை நூல்போல் ஒழுகவிடுங்கள்.

ஒன்டாரியோவில் எரிவாயுக் கருவிகளில் வேலை செய்பவர்கள் டி.எஸ்.எஸ்.ஏ. என்னும் மாகாணப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அமைப்பின் சான்றிதழ் பெற்றவர்களாக இருக்க வேண்டும். அதைக் கேட்டுப் பார்க்கத் தயங்காதீர்கள். உங்கள் ஃபர்னஸ் மாத வாடகைக்கு எடுத்ததானால், வெளியாரை அழைக்குமுன் அந்த ஒப்பந்தத்தைப் பாருங்கள். பழுதுபார்ப்பு பல ஒப்பந்தங்களில் வாடகைக்குள்ளேயே அடங்கியிருக்கும். தொலைபேசியில் ‘ஹீட்டர் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொல்லாமல், பேட்டரி புதியது, பிரேக்கரும் சுவிட்சும் சரி, கதவு மூடியிருக்கிறது, பலகையின் விளக்கு எரியவில்லை என்று பார்த்தவற்றை வரிசையாகச் சொன்னால், அவர் தேவையான மின்மாற்றியையோ பலகையையோ கையோடு கொண்டுவரக்கூடும், இரண்டாவது வருகைக்கான கட்டணமும் மிஞ்சும். வேலை முடிந்ததும், எதை மாற்றினார், அது ஏன் போனது என்று கேட்டு, தேதியோடு ஒரு தாளில் எழுதி ஃபர்னஸ் கதவின் வெளிப்புறத்தில் ஒட்டிவையுங்கள்.